தோலுரித்த ஃபசான்

பிள்ளைகளே, நான் நன்றாகச் சமைப்பேன். இதை நானே சொல்ல எனக்கு வெட்கமில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அகதியாக வந்த புதிதில் வேறு மூன்று பெடியன்களோடு ஒரே அறையில் இருந்தேன். என் சமையல் முறை வரும் நாளில் மட்டும் எல்லோரும் நேரத்துக்கு வீடு வந்துவிடுவார்கள். ஆட்டிறைச்சிக் கறி, கணவாய்ப் பிரட்டல், ஒடியற்கூழ் எல்லாம் எனக்குக் கைப்பழக்கம்.

ஆனால் இங்கே எழுதப்போவது கறியைப் பற்றி அல்ல. ஃபசான் என்ற பறவையை ஓவனில் முழுதாக வைத்து வாட்டிய கதை. அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. அவளுக்கு எல்லாம் நினைவிருக்கும். தம்பி அப்போது சின்னவன், அன்று கடைசியில் சோபாவில் நித்திரையாகிவிட்டான். ஆகவே அவனுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

ஃபசான் கோழிக் குடும்பம்தான். சேவலுக்குச் செம்பு நிற உடம்பு, பச்சைக் கழுத்து, கண்ணைச் சுற்றிச் சிவப்பு, நீண்ட வால். பேடு காய்ந்த புல்லின் நிறம். அது புல்லுக்குள் படுத்திருந்தால் மிதிக்கிற அளவுக்குக் கிட்டப் போனால்தான் தெரியும். சுவிட்சர்லாந்தில் நாங்கள் இருக்கும் வில் நகரைச் சுற்றியுள்ள காடுகளில் அதைக் காண்பது அரிது. இங்கே வேட்டைக்காரர் சுடுவது பெரும்பாலும் மான். இலையுதிர் காலம் வந்தால் உணவகங்கள் எல்லாம் வேட்டை இறைச்சி வந்துவிட்டது என்று வாசலில் பலகை வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிவப்பு முட்டைக்கோவா, சீனிப்பாகில் புரட்டிய மரோனி என்ற கஷ்கொட்டை, ஸ்பெட்ஸ்லி என்ற சின்ன மாவுத் துண்டுகள், அவித்த பேரிக்காய் எல்லாம் அந்த இறைச்சிக்குப் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் புரியாணிக்கு அவித்த முட்டை மாதிரி.

நான் வேலை செய்யும் ஜன்னல் தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்கு ஒரு மேலாளர் இருந்தார். வேலையிடத்துப் பெரியவரை இந்த நாட்டில் ஷெஃப் என்று கூப்பிடுவோம். சமையலுக்கும் அந்தச் சொல்லுக்கும் இங்கே தொடர்பில்லை. எங்கள் ஷெஃப் ஒரு முட்டைகூட அவித்ததில்லை. ஆனால் அவர் நல்ல வேட்டைக்காரர். ஒவ்வொரு ஒக்டோபரிலும் நண்பர்களோடு ஆஸ்திரியாவின் கிழக்குச் சமவெளிக்குப் போய்ச் சோள வயல்களில் ஃபசான் சுட்டுக்கொண்டு வருவார்.

வேட்டைக்காரருக்கென்று ஒரு புனிதர் உண்டு. அவருடைய திருநாள் நவம்பர் தொடக்கத்தில் வரும். அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை ஷெஃப் தன் வீட்டில் ஃபசான் விருந்து வைப்பார். எங்கள் பகுதி ஆட்கள் ஆறு பேரும் போவோம். அவருடைய மனைவிதான் சமைப்பார். மற்றவர்கள் வரவேற்பறையில் இருந்து வைன் குடிக்க, நான் குசினிக்குள் போய்விடுவேன். சமையல் நடக்கிற வீட்டில் என்னால் சும்மா இருக்க முடியாது.

அந்த மனுசி உயரமானவர், குரல் மட்டும் சின்னப் பிள்ளையின் குரல். ஓவனுக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு இருந்துவிடுவார். எழும்பவே மாட்டார். "ஃபசானை விட்டிட்டுப் போனால் அது கோவிச்சுக்கொண்டு காய்ஞ்சுபோகும்" என்பார். அவர் சொன்னது சுவிஸ் ஜெர்மனில். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்; ஷெஃப் பேசியதையும் அப்படித்தான்.

அவர் செய்யும் முறை இது. பறவையைத் தண்ணீரில் கழுவக்கூடாது. உள்ளும் புறமும் துணியால் துடைக்க வேண்டும். உப்பு, மிளகு, நசுக்கிய வகோல்டர் பழம். அது மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, கறுத்த, காட்டு வாசமுள்ள பழம். வயிற்றுக்குள் பாதி ஆப்பிளும் ஒரு கட்டி வெண்ணெயும். நெஞ்சின்மேல் ஸ்பெக் துண்டுகளை அடுக்கி நூலால் கட்டுவார். ஸ்பெக் என்பது புகையூட்டிய கொழுத்த பன்றியிறைச்சி. ஃபசானில் கொழுப்பு இல்லை. ஸ்பெக்தான் அதற்குக் கொழுப்பைக் கடன் கொடுக்கும். ஓவனில் வைத்த பிறகு அடிக்கடி திறந்து, சட்டியில் ஊறும் சாற்றைக் கரண்டியால் அள்ளி மேலே ஊற்றுவார். இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்பெக்கை எடுத்துவிடுவார். அப்போது தோல் பொன்னிறமாகி மொறுமொறுவென்று வரும். அந்தத் தோல் ஷெஃபுக்கு உயிர். மனைவி தன் பங்குத் தோலையும் அவருடைய தட்டில் போடுவதை நான் ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன்.

ஒரு வசந்த காலத்தில் அந்த மனுசி இறந்துபோனார். அந்த வருடம் ஒக்டோபரில் நண்பர்கள் ஷெஃபை வற்புறுத்தி ஆஸ்திரியாவுக்குக் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பிவந்த பிறகு ஒருநாள் ஒன்பது மணிப் பசியாறலில் எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ரெண்டு ஃபசான் நிலவறையிலை தொங்குது. வேணுமெண்டால் கொண்டுபோ" என்றார்.

"நீங்கள் சாப்பிடேல்லையோ, ஷெஃப்?"

"ஆர் சமைக்கிறது?"

"நான்" என்றேன்.

பாணைக் கடித்தபடி என்னைப் பார்த்தார். "கறியோ? கறி வேண்டாம்."

"கறி இல்லை. அவ செய்த மாதிரியே ஓவனிலை வாட்டுறன். எத்தினை வருசம் பக்கத்திலை நிண்டு பாத்தனான்! என்ர வீட்டுக்கு வாங்கோ."

அன்று அவர் எழும்பி வேலைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சரி, ஒருக்காப் பாப்பம். அவள் செய்த மாதிரி வந்தால் அந்த நாளைத் தொடர்ந்து கொண்டாடுவன். வராட்டில் இதோடை சரி. வேட்டைத் துவக்கை மச்சானுக்குக் குடுத்திடுவன். மற்ற ஆக்களுக்குச் சொல்லாதை. நான் மட்டும்தான் வருவன்."

"வரும், ஷெஃப்" என்றேன். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அவரே பறவைகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்று சேவல், ஒன்று பேடு. இறகு பிடுங்கி, குடல் எடுத்து, வெள்ளைக் கடதாசியில் பக்குவமாகச் சுற்றியிருந்தார். கடதாசியை விரித்து எனக்குக் காட்டினார்.

"பார், ஒரு கிழிசல் இல்லை. ஃபசான் தோல் மகா மெல்லிசு. அவசரப்பட்டு இழுத்தால் இறகோடை தோலும் வந்திடும். ஒவ்வொண்டாப் புடுங்கினன். நேற்றுப் பின்னேரம் முழுக்க உதுதான் வேலை."

உண்மைதான். இரண்டு பறவையும் பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தன. நான் அவற்றைப் பிரிட்ஜில் வைத்தேன். அம்மா அப்போது முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தா. தோலைப் பற்றி ஷெஃப் சொன்னதை அவ கேட்கவில்லை. அவ வந்ததும் நானும், "நாளைக்கு நான்தான் சமைக்கிறன், ஃபசான் பிரிட்ஜிலை கிடக்கு" என்று மட்டும்தான் சொன்னேன். தோலைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றப்போகிறது?

ஞாயிறு காலை நான் உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன். அம்மா சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டு வந்திருந்தா. நாங்கள் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் தேசிக்காய் மணமும் மஞ்சள் மணமும் வந்தன. சப்பாத்தோடு குசினிக்கு ஓடினேன்.

அம்மா சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் நின்றா. சேவல் கறித்துண்டுகளாகச் சட்டியில் கிடந்தது. பேடு அவவின் கையில் இருந்தது. தோல் இல்லை. உடம்பு முழுக்க மஞ்சள். மற்றக் கையில் கத்தி.

"நிப்பாட்டும்!" என்று கத்தினேன்.

"ஏனப்பா கத்துறியள்? உங்களுக்கு லேசா இருக்கட்டும் எண்டு வெட்டிக் கழுவித் தாறன். இந்தக் கோழியளின்ரை தோல் என்ன கடதாசி மாதிரி? ஒரு இழுவைதான், முழுசாக் கழண்டு வந்திட்டுது."

"அதைத்தான் அந்த மனுசன் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து காப்பாத்தினவர்!"

"தோலையோ?"

"தோலைத்தான்!"

அம்மா என்னைப் பார்த்தா, கையிலிருந்த பறவையைப் பார்த்தா. "கோழித்தோலை ஆரப்பா தின்னுறது?" என்று கேட்டா. நியாயமான கேள்விதான். எங்கள் வீடுகளில் கோழி என்றால் முதல் வேலை தோலை உரிப்பது. இரண்டாவது வேலை மஞ்சளும் உப்பும் தேசிக்காயும் போட்டுக் கழுவுவது. அதைச் செய்யாத இறைச்சி எங்களுக்கு இறைச்சியே அல்ல. இந்த நாட்டில் தமிழ் வீடுகள் எதற்குள் போனாலும் அம்மா செய்ததைத்தான் செய்திருப்பார்கள்.

அக்கா குப்பைப் பையைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வெங்காயத் தோலுக்கும் தேயிலைத் தூளுக்கும் நடுவே ஃபசான் தோல் கிடந்தது.

"அப்பா, தோலைத் திருப்பிப் போடேலாதோ?"

"ஓம், ஓடிப்போய் ஊசியும் நூலும் கொண்டு வா" என்றா அம்மா. சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தா. அவவின் கண் கலங்கிவிட்டது. ஷெஃப் வைத்த நிபந்தனையை அவர் சொன்ன அன்றே நான் அவவுக்குச் சொல்லியிருந்தேன், துவக்கு மச்சானுக்குப் போகிற கதை உட்பட. "நான் அந்த மனுசனின்ரை பெருநாளையெல்லோ உரிச்சுப்போட்டன்" என்றா.

பிறகு மெதுவாக, "அவருக்குச் சொல்லாதேங்கோ. ஸ்பெக்கைச் சுத்திக் கட்டிவிட்டால் உள்ளுக்குத் தோல் இருக்கோ இல்லையோ ஆருக்குத் தெரியும்?" என்றா.

நானும் அதை யோசித்தேன். செய்யலாம்தான். ஆனால் அவர் ஸ்பெக்கை விலக்கித் தோலைத் தேடுவார் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தோல் அவருக்கு எவ்வளவு பெரிது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். மேசையில் வைத்து அவருக்கு அது தெரியவருவதைவிட இப்போதே தெரிவது நல்லது. ஷெஃபுக்குக் கைபேசியில் எடுத்தேன்.

"ஷெஃப், ஒரு பிரச்சினை."

"கருகிப்போச்சோ?"

"இன்னும் அடுப்பிலையே வைக்கேல்லை."

"பின்னை?"

"தோல் இல்லை."

"என்ன தோல் இல்லை?"

"ஃபசானிலை தோல் இல்லை. மனிசி உரிச்சுப்போட்டா. எங்கடை ஆக்களின்ரை வழக்கம் அது. ஒண்டை வெட்டியும் போட்டா."

"தோல் எங்கை?" என்றார்.

"குப்பைப் பையிலை."

"வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் பின்னேரம் சாப்பிட வருவதாகச் சொல்கிறாரா, இப்போதே வந்து பறவைகளைத் திருப்பிக் கொண்டுபோகப் போகிறாரா என்று எங்களுக்கு விளங்கவில்லை. அம்மா உடனே வீட்டைக் கூட்டத் தொடங்கினா.

அரை மணித்தியாலத்தில் மணி அடித்தது. ஷெஃப் கையில் ஒரு கூடை. அதற்குள் ஒரு முழு ஸ்பெக் கட்டியும் அவருடைய மனைவியின் இரும்புச் சட்டியும் இருந்தன. முட்டை வடிவில், மூடியோடு, தூக்கினால் தோள் இறங்கும் பாரம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போனார். பேட்டைக் குனிந்து பார்த்தார்.

"ஏன் இது மஞ்சளாக் கிடக்கு? காமாலையோ?"

அம்மாவுக்கு அப்போது ஜெர்மன் கொஞ்சம்தான் வரும். வேகமாகக் கதைத்தால் விளங்காது. அக்காதான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். காமாலைக்குத் தமிழ் தெரியாமல், "பறவைக்கு வருத்தமோ எண்டு கேக்கிறார்" என்றாள்.

அம்மாவுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. "வருத்தமோ? ஒரு கிழமைக்கு மேலை நிலவறையிலை தொங்கின கோழி! அதைக் கழுவாமல் பிள்ளையளுக்குக் குடுக்கிறதோ எண்டு கேள்."

அக்கா கேட்டாள்.

"தொங்கவிட்டால்தான் இறைச்சி பதமாகும். வேட்டை இறைச்சியைக் கழுவக்கூடாது. கழுவினால் ருசி போகும்."

"ருசி போகாது, ஊத்தைதான் போகும் எண்டு சொல்லு."

"நான் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து இறகு புடுங்கினனான்!"

"தோலோடை சேத்து உரிச்சிருந்தால் இறகு புடுங்கிற வேலையே இல்லை. ஒரு நிமிசத்திலை முடிஞ்சிருக்கும்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, இதையும் சொல்லவோ?"

"அம்மா சொன்னதைச் சொல்லு" என்றேன். மறித்திருக்கலாம். ஆனால் எனக்கும் அவர் என்ன சொல்லுவார் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

சொன்னாள். ஷெஃப் அம்மாவின் கையையும் கத்தியையும் ஒருதரம் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, ஸ்பெக் கட்டியைப் பலகையில் வைத்து மெல்லிசாக வெட்டத் தொடங்கினார். நாங்கள் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டோம்.

"அவ தோல் இல்லாமல் எப்பவாவது செய்தவவோ, ஷெஃப்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் குசினிக்குப் போறேல்லை. எனக்குத் தெரிஞ்சது மணம்தான்."

அங்கே எனக்கு ஒன்று விளங்கியது. அந்த வீட்டுக் குசினியில் அந்த மனுசிக்குப் பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். இனி யாரைக் கேட்பது? "சரி, ரெண்டு பேரும் சண்டை பிடிச்சது காணும். இனி நான் சொல்லுறதைச் செய்யுங்கோ" என்றேன். வேலையிடத்தில் ஷெஃபை நான் அப்படி அதட்டியதில்லை. என் குசினியில் அதட்டினேன்.

பேட்டைத் துணியால் ஈரம் போக ஒற்றினேன். உப்பு, மிளகு, வகோல்டர். உள்ளே ஆப்பிளும் வெண்ணெயும். பிறகு யோசித்தேன். தோல் என்ன வேலை செய்யும்? உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது. அந்த வேலையை வேறொன்று செய்ய வேண்டும். வெண்ணெயை உடம்பு முழுக்கத் தடவினேன். அதன்மேல் ஷெஃப் வெட்டிய ஸ்பெக்கை நெஞ்சில் மட்டுமல்ல, காலிலும் முதுகிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றி, குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரி மூடினேன். ஷெஃப் விரலை வைத்துப் பிடிக்க, நான் நூல் கட்டினேன். இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்க வைத்துவிட்டு, கொஞ்சம் வைனும் ஊற்றி, மூடியைப் போட்டு ஓவனில் வைத்தேன். அந்த மனுசி மூடி போட்டதில்லை. தோல் மொறுமொறுப்பாக வர வேண்டுமே. எனக்கு அந்தக் கவலை இல்லை. பிற்பாதியில் மட்டும் மூடியை எடுத்தேன். ஸ்பெக்கைக் கடைசிவரை எடுக்கவே இல்லை.

தம்பி பல் தீட்ட ஏறி நிற்கிற சின்னப் பிளாஸ்டிக் படியை எடுத்துப்போட்டு ஓவனுக்கு முன்னால் இருந்தேன். கரண்டியும் கையுமாக. எழும்பவில்லை.

எனக்குப் பின்னால் ஸ்பெட்ஸ்லி வேலை நடந்தது. எங்கள் வீட்டில் ஸ்பெட்ஸ்லிப் பலகை இல்லை. அம்மா முட்டையும் மாவும் அடித்து, இடியப்ப உரலில் முறுக்கு அச்சைப் போட்டு, கொதிக்கிற தண்ணீருக்குள் பிழிந்தா. பிழியப் பிழியக் கத்தியால் வெட்டிவிட்டா. ஷெஃப் எழும்பி வந்து பார்த்தார். "என்ன மெசின் இது?" என்று கேட்டு வாங்கி, தானும் ஒருமுறை பிழிந்தார். அவர் பிழிந்தது அறுபடாமல் நீளமாக விழுந்தது. "அவரின்ரை ஸ்பெட்ஸ்லியைக் கழுத்திலை சுத்தலாம்" என்றா அம்மா. அக்கா அதை மொழிபெயர்க்கவில்லை, சிரித்தாள்.

வெட்டின சேவலை அம்மா பின்னடுப்பில் கறியாக வைத்தா. வீணாக்கவா முடியும்? ஆனால் மேசைக்குக் கொண்டுவரவில்லை. அது அடுத்த நாளைக்கு. ஷெஃபும் கேட்கவில்லை.

இருட்டுகிற நேரம் மேசைக்கு இருந்தோம். சிவப்புக் கோவாவும் மரோனியும் நான் முதல் நாளே செய்து வைத்திருந்தேன். பேரிக்காயின் குழியில் சிவப்புப் பழ ஜாம். நாங்கள் சிலுவை அடையாளம் போட்டு ஜெபம் சொன்னோம். பிறகு ஷெஃப் எழும்பி நின்று வைன் கிண்ணத்தை இடக்கையில் உயர்த்தினார். வேட்டைக்காரர் இடக்கையால்தான் உயர்த்துவார்கள். வழமையில் அவர் வேட்டைக்கதை ஒன்று சொல்லுவார். அன்று சொல்லவில்லை. பறவைக்கு நன்றி சொல்லிவிட்டு இருந்தார்.

நான் நூலை வெட்டி ஸ்பெக்கை விலக்கினேன். தோல் இல்லாத நெஞ்சு இளமஞ்சளாக, பளபளவென்று இருந்தது. கத்தி வைத்ததும் சாறு ஓடியது. நெஞ்சுத் துண்டில் பெரியதை அவருக்கு வைத்து, சட்டிச் சாற்றை மேலே ஊற்றினேன்.

ஷெஃப் ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்தார். ஆறுதலாக மென்றார். நாங்கள் யாரும் கரண்டியைத் தொடவில்லை. இன்னொரு துண்டு. முள்ளுக்கரண்டியால் தட்டின் ஓரத்தை ஒருமுறை துழாவிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

"அவள் செய்த மாதிரி இல்லை" என்றார்.

"என்னவாம்?" என்று கேட்டா அம்மா. அக்கா தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். அம்மா கையிலிருந்த துடைக்கும் கடதாசியை மடித்தா, இன்னொருமுறை மடித்தா.

நானும் ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்தேன். இறைச்சி வெண்ணெய் மாதிரி அறுந்தது. ஸ்பெக்கின் புகையும் வகோல்டரும் எலும்புவரை போயிருந்தன. அதை மறைத்துப் பணிவாகப் பேச எனக்கு வரவில்லை.

"ஓம் ஷெஃப், அவ செய்த மாதிரி இல்லை. அவ செய்த மாதிரி வரும் எண்டு நான் சொன்னது பிழை. அது வராது. ஆனால் இது நல்ல ஃபசான்."

ஷெஃப் என்னைப் பார்த்தார். மூன்றாவது துண்டை வெட்டினார். "ஓம்" என்றார். "நல்ல ஃபசான்."

நான்காவது துண்டுக்குப் பிறகு தானாகவே கதைக்கத் தொடங்கினார். "கலியாணம் கட்டின வருசம் அவள் செய்த முதல் ஃபசான் எப்பிடி இருந்தது, தெரியுமோ? சப்பாத்துத் தோல். கத்தி இறங்கேல்லை. அவள் அழுதுகொண்டு குசினியிலை நிண்டாள். நான் ரெண்டு காலையும் கையாலை பிச்சுச் சாப்பிட்டன். அடுத்த வருசம் கொஞ்சம் திறம். அதுக்கடுத்த வருசம் இன்னும் திறம்." வைனைக் குடித்தார். கிண்ணத்தை வைத்தார். "முதல் வருசத்துக்கு இது மோசமில்லை. அவளுடைய முதல் வருசத்தைவிட எவ்வளவோ திறம்."

அக்கா மொழிபெயர்த்தாள். "முதல் வருசத்துக்கு மோசமில்லையாம், அம்மா."

அம்மா நிமிர்ந்தா. "முதல் வருசமோ? அப்ப ரெண்டாம் வருசமும் இருக்கோ எண்டு கேள்."

அக்கா கேட்டாள். ஷெஃப் வாய் நிறைய ஸ்பெட்ஸ்லியோடு தலையாட்டினார். அம்மா ஒரு பெரிய கரண்டி கோவாவை அவருடைய தட்டில் போட்டா. கேட்கவுமில்லை, போதுமா என்று பார்க்கவுமில்லை. பறவையில் எலும்பு மட்டும் மிஞ்சியது. தம்பி சோபாவில் நித்திரையானது அந்த நேரம்தான்.

போகும்போது ஷெஃப் வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார்.

"மச்சானுக்கு என்ன சொல்லப்போறியள்?" என்று கேட்டேன்.

"அவனுக்குக் கண் பார்வை சரியில்லை. அவனுக்கு ஏன் துவக்கு?" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "உங்கடை அம்மாவைக் கேள், அடுத்த முறை எத்தினை பறவை கொண்டுவாறது எண்டு" என்றார்.

அம்மா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. குசினியில் நின்றபடி நான்கு விரலைக் காட்டினா. "மற்ற வேலை ஆக்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு. அவையளுக்கும் அது பெருநாள்தானே. ஏன் தனிய வாறார்?"

அக்கா சொன்னாள். ஷெஃப் மற்றச் சப்பாத்தையும் கட்டி முடித்து நிமிர்ந்தார். "அவங்கள் கனக்கச் சாப்பிடுவாங்கள்" என்றார்.

"அப்ப அஞ்சு" என்றா அம்மா.